ஆயிரத்துக்கு 61.6: காய்ச்சல் பதிவேட்டில் காணாமல் போன ஒரு கட்டம்

1918-இல் பம்பாய் நகரத்தில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலால் இறந்தவர்களை, அந்நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த டர்னரின் அலுவலகம் சமூகவாரியாகப் பிரித்துக் கணக்கெடுத்தது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே கணக்கு. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. ஆங்கிலோ இந்தியர் 11.9. யூதர்கள் 14.8. இந்தியக் கிறித்தவர்கள் 18.4. சாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. கடைசி வரியில் 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று எழுதி 61.6 என்று குறித்திருந்தார்கள்.

தோழர்களே, இந்த எண்களை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே சில மாதங்கள். சாதி இந்துக்களைவிட நம் மக்கள் மூன்று மடங்குக்கு மேல் செத்திருக்கிறார்கள். ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கு மேல்.

இந்த எண் நமக்குத் தெரியவந்ததற்கு ஒரே காரணம், அன்றைய படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. நூறாண்டு கழித்து நம் மருத்துவமனைகளில் கணினி வந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் காய்ச்சல் நோயாளியின் ஆக்சிஜன் அளவு நிமிடத்துக்கு நிமிடம் திரையில் ஓடுகிறது. ஆனால் அந்தக் கட்டம் மட்டும் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது, அது இருந்த நாடுகளில் என்ன நடந்தது, நாம் அதைக் கேட்க வேண்டுமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பம்பாய்க் காய்ச்சல்

1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிலர் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பும் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் அது. துறைமுகத்திலிருந்து ஆலைகளுக்கும், ஆலைகளிலிருந்து குடியிருப்புகளுக்கும் காய்ச்சல் பரவியது. ரயில் போன ஊருக்கெல்லாம் அதுவும் போனது. வடக்கே பலர் அதைப் 'பம்பாய்க் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். செப்டம்பரில் வந்த இரண்டாம் அலைதான் கொடூரம். அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் அந்த நகரத்தில் 768 மரணங்கள் பதிவாயின.

அந்த ஆண்டு மழையும் பொய்த்திருந்தது. போருக்காகத் தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. விலை ஏறியது. மருத்துவர்களில் பலர் படையோடு போயிருந்தார்கள். இந்தக் காய்ச்சல் வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயதுக்காரர்களை அதிகம் கொன்றது. உழைத்துச் சோறு போடுகிறவர்களின் வயது அது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர்களும், வீட்டில் கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான்.

61.6 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்? மஹர்கள், மாங்குகள், சமார்கள், நகராட்சியின் மலம் அள்ளும் தொழிலாளர்கள், துறைமுகக் கூலிகள். ஒற்றை அறையில் குடும்பமே முடங்கிக் கிடந்த சால் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். பஞ்சாலையில் வேலை கிடைத்தாலும் நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடமாட்டார்கள். நூல் அறுந்தால் எச்சில் தொட்டு இணைக்க வேண்டும். தீண்டத்தகாதவர் எச்சில் பட்ட நூலைத் தொட மற்றவர்கள் மறுத்தார்கள். கூலி குறைந்த பிரிவுகளே அவர்களுக்கு மிஞ்சின. குறைந்த கூலியில் குறைந்த உணவு. காற்றில்லாத அறை. காய்ச்சலோடு படுத்தால் அன்றைய கூலி போச்சு. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த 61.6. இரத்தத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

அந்த 1918 நவம்பரில்தான் அண்ணல் அம்பேத்கர் அதே பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் அறையில் பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவருக்கே பொதுப் பானைத் தண்ணீர் கிடையாது என்றால், காய்ச்சலில் நா வறண்டு கிடந்த ஆலைத் தொழிலாளிக்கு யார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்?

சாவுச் செய்தி சொன்னவரின் சாவு

நகரத்தில் இந்தக் கணக்காவது இருக்கிறது. கிராமத்தில் அதுவும் இல்லை.

நாடு முழுவதும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு அரசு முதலில் சொன்ன மதிப்பீடு சுமார் 60 லட்சம். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அது 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் என்றார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? பதிவேட்டில் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்லில் மலேரியாவும் டைஃபாய்டும் இன்ஃப்ளூயன்சாவும் அடங்கிவிட்டன. பதிவேட்டை எழுத வேண்டிய கிராம அதிகாரிகளே படுத்துவிட்டார்கள், செத்தும் போனார்கள். பல ஊர்களில் அந்த வாரங்களுக்குப் பதிவே இல்லை.

அந்தப் பதிவேட்டுக்குச் செய்தி எப்படிப் போனது என்று யோசித்துப் பாருங்கள். மராத்தியப் பகுதியில் சாவுச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டு போவது மஹர்களின் சாதிக் கடமை. நம் ஊர்களில் அந்த வேலையை யார் செய்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிராம அதிகாரிக்குத் தகவல் சொன்னவர், உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்ல நடந்தவர், பறையடித்தவர், குழி வெட்டியவர், எரித்தவர் எல்லோரும் சேரியிலிருந்து போனவர்கள். ஊரார் சாவுக்குச் சேதி சொல்ல ஆள் இருந்தது. சேதி சொல்பவரே செத்தால் அதைப் போய்ச் சொல்ல யார் இருந்தார்கள்? சேரியே காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது எத்தனை சாவுகள் பதிவேட்டை எட்டாமல் மண்ணுக்குள் போயிருக்கும்?

கையால் காற்று ஊதியவர்கள்

1918-இல் இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. அதற்குக் காரணமான வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே 1933-இல், லண்டனில்தான். மூச்சு நின்றுபோகும் நோயாளிக்குக் காற்றைச் செலுத்தி உயிர் காக்கும் முறை இன்னும் இருபது ஆண்டு கழித்து வந்தது.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தலாம் என்று காட்டினார். பையை அமுக்க ஆள் வேண்டுமே! மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்து, இரவு பகலாக, நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அமுக்கினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே அந்த நகரத்தில் இப்சென் இதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று ஐ.சி.யூ. என்று நாம் சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பு அதுதான்.

காய்ச்சலைக் கண்காணிக்கும் இடமாக ஐ.சி.யூ. ஆனதற்குக் காரணம் எளிது. இன்ஃப்ளூயன்சா வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே குணமாகிவிடுவார்கள். எல்லோரையும் பரிசோதிக்க முடியாது. ஆனால் வென்டிலேட்டர் வைக்க வேண்டிய அளவுக்குப் போனவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. அவரைப் பரிசோதிப்பார்கள், பெயர் எழுதுவார்கள், வயது எழுதுவார்கள். வாரா வாரம் அந்த எண்ணிக்கையைக் கூட்டினால், இந்த ஆண்டுக் கிருமி எவ்வளவு கொடியது, யாரைக் குறிவைக்கிறது, படுக்கைகள் போதுமா என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 2009 தொற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு குளிர்காலமும் மருத்துவமனைகள் ஐ.சி.யூ.வில் உள்ள இன்ஃப்ளூயன்சா நோயாளிகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் அனுப்பும் முறை நிலைபெற்றது.

2009: கட்டம் இருந்த நாடுகள்

2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 உலகெங்கும் பரவியது. தென்கோளத்தில் அப்போது குளிர்காலம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டு நாடுகளின் ஐ.சி.யூ.க்கள் அத்தனையும், மொத்தம் 187, ஒரே படிவத்தில் தகவல் சேர்த்தன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 722 பேர் அனுமதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டோர் 65 வயதுக்குக் கீழே. 66 பேர் கர்ப்பிணிகள். கர்ப்பிணிகளுக்கு முதலில் தடுப்பூசி போட வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தவற்றில் இந்தக் கணக்கும் ஒன்று.

அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டமும் இருந்தது: நோயாளி பூர்வகுடியா? ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடிகள் 2.5 விழுக்காடு. ஐ.சி.யூ. படுக்கைகளில் இருந்தவர்களில் அவர்கள் 9.7 விழுக்காடு. நியூசிலாந்தில் ஐ.சி.யூ.வுக்கு வந்தவர்களில் நான்கில் ஒருவர் மவோரி.

நியூசிலாந்துக்காரர்களுக்கு இது புதிய அதிர்ச்சி அல்ல. 1918-இல் அங்கே மவோரிகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 50 பேரும், ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 6 பேரும் இறந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ரைஸ் கணக்கிட்டிருக்கிறார். பம்பாய்க் கணக்கின் அக்கா தங்கை மாதிரி இருக்கிறது இல்லையா? தொண்ணூறு ஆண்டு கழித்தும் அதே மக்கள்தான் அதிகம் விழுந்தார்கள். ஆனால் இம்முறை அதை உடனே, அதே ஆண்டிலேயே, கையில் எண்ணோடு சொல்ல முடிந்தது.

கனடாவில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே 2009-இல் ஐ.சி.யூ.க்களில் ஆராயப்பட்ட 168 நோயாளிகளில் நான்கில் ஒருவர் பூர்வகுடி. மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான். மனிடோபா மாநிலத்தின் வடபகுதிக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரே இல்லை. கையைக் கழுவுங்கள் என்று அரசு விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அந்த மக்கள் உதவி கேட்டபோது, செப்டம்பரில் அரசின் சுகாதாரத் துறையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. சிலவற்றைத் திறந்து பார்த்தால் பிணப்பைகள்! பூர்வகுடித் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. அவர்களின் கோபத்துக்குப் பக்கபலமாக ஐ.சி.யூ. கணக்கும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கட்டம் இல்லாத நாடு

நம் நாட்டில் நோய்க் கண்காணிப்புக்கென ஒருங்கிணைந்த திட்டம் 2004-இல் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என்று மூவருக்கும் தனித்தனிப் படிவம். 2009-இல் எச்1என்1 வந்தபோது நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். லேசான காய்ச்சல் ஏ. கொஞ்சம் கடுமையானதும், ஆபத்து அதிகம் உள்ளவர்களும் பி. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் இறங்குதல் போன்றவை இருந்தால் சி. பரிசோதனையும் மருத்துவமனை அனுமதியும் சி பிரிவுக்குத்தான். மருத்துவக் கண்ணோட்டத்தில் இதில் தவறில்லை. ஆனால் இதன் விளைவை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அரசு வெளியிடும் எண்ணிக்கை, பெரும்பாலும் மருத்துவமனைக் கதவைத் தாண்டி உள்ளே போனவர்களின் எண்ணிக்கை.

2015-இல் இந்தியாவில் 42,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்1என்1 உறுதியானது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். மாநிலவாரியாகக் கணக்கு இருக்கிறது. இறந்தவர்களில் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டம் கண்காணிப்பு அறிக்கைகளில் இல்லை. கொரோனா காலத்தில் நாள்தோறும் வந்த அரசு அறிக்கைகளிலும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் ஐ.சி.யூ. கணக்கு ஏறக்குறைய நோயின் கணக்கு. ஏனென்றால் அங்கே மோசமாகும் நோயாளி பெரும்பாலும் ஐ.சி.யூ.வைச் சென்றடைவார். இங்கே அது வழியில் விழாமல் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. காய்ச்சல் வந்த கூலித் தொழிலாளியின் பாதையை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் மருந்துக் கடை மாத்திரை. இன்ஃப்ளூயன்சாவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அந்த 48 மணி நேரம் கூலியை விடலாமா வேண்டாமா என்ற யோசனையில் போய்விடுகிறது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை. படுக்கை இல்லை என்றால் இன்னும் ஒரு பயணம். 2015-இல் தனியார் ஆய்வகங்கள் இந்தப் பரிசோதனைக்கு வாங்கிய கட்டணத்தைக் கட்டுப்படுத்த டெல்லி அரசு ஓர் உச்சவரம்பு வைத்தது. அந்த உச்சவரம்பே 4,500 ரூபாய்!

வழியில் இறந்தவர் என்ன ஆவார்? 2020-இல் நம் நாட்டில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எல்லாம் வீட்டார் சொன்ன காரணம், அல்லது காரணமே இல்லை. "காய்ச்சல்ல போயிட்டாரு." 1918-இல் கிராமப் பதிவேடு எழுதிய அதே சொல்.

இதே ஐ.சி.யூ.வில் தரையைத் துடைப்பவர், மூச்சுக் குழாயிலிருந்து உறிஞ்சிய சளிக் குடுவையைக் கழுவுபவர், போர்வையை எடுப்பவர், இறந்தவரைச் சவக்கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர் யார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் நம் மக்கள். நோயாளியின் மூச்சுக்கு மருத்துவரும் செவிலியரும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்களோ அவ்வளவு பக்கத்தில் இவர்களும் இருக்கிறார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் உள்ளவர் அந்தப் பட்டியலில் வருகிறாரா?

சாதியை எழுதலாமா?

இந்த இடத்தில் நம் கூட்டங்களிலேயே இரண்டு கருத்து உண்டு. மருத்துவமனைச் சீட்டில் சாதியை எழுதினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா, சாதி தெரிந்ததும் கையைத் தொட்டு நாடி பார்க்கத் தயங்கும் மருத்துவரை நாம் பார்த்ததில்லையா என்று தோழர்கள் கேட்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது, தள்ளிவிடக் கூடாது. இன்னொரு பயமும் உண்டு. நம் மக்கள் அதிகம் இறக்கிறார்கள் என்ற எண் வெளியானால், 'அவர்கள் உடம்பே அப்படித்தான், பழக்கவழக்கம் சரியில்லை' என்று பேச ஒரு கூட்டம் காத்திருக்கும். பூர்வகுடிகள் விஷயத்தில் மரபணுவைக் குற்றம் சொல்லப் பார்த்தவர்கள் கனடாவிலும் இருந்தார்கள்.

இரண்டுக்கும் நாம் சொல்வது இதுதான். படுக்கைத் தலைமாட்டில் தொங்கும் சீட்டில் சாதி வேண்டாம். நோயாளியோ குடும்பத்தாரோ விருப்பப்பட்டுச் சொல்லும் தனிப் படிவமாக அது இருக்கட்டும். சிகிச்சை தருகிறவர் கைக்குப் போகாமல், மாவட்ட அளவில் கூட்டுத்தொகையாக மட்டும் வெளிவரட்டும். சாதியோடு சேர்த்து, காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் கழித்து வந்தார், எத்தனை மருத்துவமனை மாறி வந்தார், என்ன வேலை செய்கிறார், வீட்டில் எத்தனை அறை என்பதும் பதிவாகட்டும். அப்போது உடம்பைக் குற்றம் சொல்ல முடியாது; தாமதமும் தொலைவும் கூலியும் எண்ணாக எதிரே நிற்கும். மவோரிகள் இப்போது வலியுறுத்துவதைப் போல, அந்தத் தகவல் எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கண்காணிக்கும் குழுவில் நம் ஆட்களும் உட்கார வேண்டும்.

இது நடக்காத காரியமும் அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வு 1992-93 முதலே சாதியைக் கேட்கிறது. எந்தச் சமூகத்தில் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்று வெளியிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரின் எண்ணிக்கை எப்போதும் உண்டு. 2011-இல் தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர். வகுக்க வேண்டிய எண் நம்மிடம் தயாராக இருக்கிறது. மேலே எழுத வேண்டிய எண் மட்டும்தான் இல்லை.

1918-இல் நிலைமை தலைகீழ். எண் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க நமக்கென்று பத்திரிகையோ பெரிய அமைப்போ அந்நகரத்தில் இல்லை. அண்ணல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியது 1920 ஜனவரியில். பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபை 1924-இல்தான் வந்தது. இடையில், 1919 ஜனவரியில், அதே நகரத்தில் சவுத்பரோ குழுவின் முன் நின்று, தீண்டப்படாதவர்களுக்கு அவர்களே பிரதிநிதியாக வேண்டும் என்று அவர் வாதாடினார். காய்ச்சல் ஓய்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

இன்று பத்திரிகை இருக்கிறது, அமைப்பு இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மருத்துவம், செவிலியர் படிப்பு, சமூகப்பணி படிக்கும் தோழர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கடுமையான மூச்சுத் தொற்றோடு ஐ.சி.யூ.வில் அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஒன்றியத்திலிருந்து வந்தார்கள்? வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஐ.சி.யூ.வில் வேலை செய்யும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடப்பட்டவர்கள் எத்தனை பேர்? பதில் வந்தாலும் அனுப்புங்கள், 'தகவல் இல்லை' என்று வந்தாலும் அனுப்புங்கள். இரண்டையும் இங்கே வெளியிடுவோம்.

அப்படியே உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம், அவர்களுடைய பாட்டன் பாட்டி சொன்ன பெருங்காய்ச்சல் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதி வையுங்கள். சேரிக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

ஜெய் பீம்.